நாற்பதாம் நாளிலிருந்து ஐம்பதாம் நாள் வரை

2023 மே 16, செவ்வாய். சீனாய்

இரவு ஒன்றரைக்கெல்லாம் கதவைத் தட்டிவிட்டார்கள். குழுவில் முப்பத்திரண்டு பேர். மோசே பத்துக் கற்பனைகளை வாங்கியதாகச் சொல்லும் மலையில் ஏறக் கிளம்பியது பதினொரு பேர். மற்றவர்கள் முழங்காலைக் காட்டிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நானும் படுத்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவள், அடிவாரத்தில் தூங்கினாள் என்று தெரிந்தால் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கேள்வி என்னுடையதும் அல்ல. பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளி எடுத்த காலத்தில் ஒரு பொடியன் கேட்டது. பைபிளில் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில், பத்துக் கற்பனைகள் முடிந்ததும், ஜனங்கள் இடிமுழக்கத்தையும் எக்காளச் சத்தத்தையும் கண்டார்கள் என்று வருகிறது. "டீச்சர், சத்தத்தை எப்படிப் பார்க்க முடியும்?" மொழிபெயர்ப்பில் வந்த வழு என்று சொல்லிச் சமாளித்தேன். முப்பத்தோரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு, வழுவமைதி என்று ஒன்று இருப்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது, எபிரேய மூலத்திலேயே 'சத்தங்களைக் கண்டார்கள்' என்றுதான் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரபிகள், அதாவது யூத வேத ஆசிரியர்கள், இதில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரபி இஸ்மவேல், 'காண வேண்டியதைக் கண்டார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்' என்று என்னைப் போலவே சமாளித்தார். ரபி அக்கிவா விடவில்லை. கேட்கிற ஒன்றைத்தான் கண்டார்கள், வார்த்தை நெருப்பாய் வந்தது என்றார். பிற்காலத்து யூத மறைஞானிகள், அதாவது கபாலாக்காரர்கள், அக்கிவாவின் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

புனித கேத்தரீன் மடத்துக்குப் பின்னால் ஒட்டகப் பாதை தொடங்குகிறது. இருட்டில் ஒட்டகத்தின் மூச்சுதான் முதலில் தெரியும், பிறகுதான் ஒட்டகம். கடைசி எழுநூற்றைம்பது படிகளுக்கு ஒட்டகமும் கிடையாது. 2,285 மீட்டர் உச்சியில் 1934இல் கட்டிய சின்னக் கிரேக்க ஆலயம், பக்கத்தில் ஒரு சின்ன மசூதி, இரண்டுக்கும் கீழே டீக்கடைக் குடிசைகள். சூரியன் வந்தது. எங்கள் பாஸ்டர் ஐயா இருபதாம் அதிகாரத்தை வாசித்தார். பக்கத்தில் கொரியர்கள் பாடினார்கள்.

சுற்றிப் பார்த்தேன். ஆலயம் இருக்கிறது, மசூதி இருக்கிறது. தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, வாங்கிய யூதர்களுக்கு மட்டும் இங்கே ஒரு கல் கூட இல்லை. அடிவாரத்து மடத்தை ஆறாம் நூற்றாண்டில் கட்டியது ஜஸ்டீனியன் என்ற கிறிஸ்தவப் பேரரசர். இதுதான் சீனாய் என்று அடையாளம் வைத்ததும் கிறிஸ்தவர்கள்தான். யூத மரபு அந்த மலை எங்கே என்று நினைவில் வைத்துக்கொள்ளவே மெனக்கெடவில்லை. ஏன் வனாந்தரத்தில் வைத்துக் கொடுத்தார் என்ற கேள்விக்குப் பழைய ரபிகள் சொன்ன பதில்: யாருக்கும் பட்டா இல்லாத இடம், வேண்டுகிறவன் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன.

மே 21, ஞாயிறு. எருசலேம்

ஐந்து நாளாக எதுவும் போடவில்லை. எகிப்திலிருந்து இஸ்ரேலுக்குள் நுழையும் தாபா எல்லையில் நான்கு மணிநேரம், பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடலில் படகு. இதையெல்லாம் போய் வந்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இன்று ராத்திரி குழு விமானம் ஏறுகிறது; நான் ஏறவில்லை. "ஏம்மா, தனியாவா இருக்கப் போற?" என்று நாகர்கோவில் அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். ஒரு வாரம்தான் அக்கா என்றேன். வரும் வெள்ளிக்கிழமை யூத நாள்காட்டியில் சிவான் மாதம் ஆறாம் தேதி, ஷவுவோத். நம் பைபிளில் வாரங்களின் பண்டிகை. தோரா கொடுக்கப்பட்ட நாள்.

மே 22, திங்கள். சஃபெத்

பேருந்தில் மூன்று மணிநேரத்துக்கு மேல். கலிலேயாவின் மேட்டில், 900 மீட்டர் உயரத்தில், காற்று அடித்துக்கொண்டே இருக்கிற ஊர். கதவும் சன்னலும் நீலம். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களில் ஒரு பகுதியினர் அடுத்த சில பத்தாண்டுகளில் அலைந்து திரிந்து இங்கே வந்து சேர, கபாலாவுக்கு இது தலைநகரம் மாதிரி ஆகிவிட்டது.

தங்கியிருக்கும் வீட்டின் அடுக்களைச் சுவரில் ஒரு அட்டை: ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கார அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னால் நின்றார். "இன்று நாற்பத்தேழு நாள், அதாவது ஆறு வாரமும் ஐந்து நாளும்." அவ்வளவுதான், திரும்பி வந்து வெங்காயம் நறுக்கினார்.

பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து நாற்பத்தொன்பது நாள் எண்ண வேண்டும் என்பது லேவியராகமத்தில் இருக்கிறது. வாற்கோதுமைக் கதிர்க்கட்டிலிருந்து தொடங்கும் அறுவடைக் கணக்கு. கபாலா இதை உள்ளே திருப்பிவிட்டது. இறைவன் தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளில் கீழுள்ள ஏழு, கருணை, கண்டிப்பு, அழகு என்று தொடங்கி அரசாட்சியில் முடிகின்றன. வாரத்துக்கு ஒன்று. அந்த வாரத்துக்குள்ளும் நாளுக்கு ஒன்றாக அதே ஏழு. ஆகவே இந்த வாரம் அரசாட்சியின் வாரம். அரசாட்சி என்பது ஷெகினா, இறைவனின் பெண்முகம், மணப்பெண்.

கபாலாவின் தலையாய நூலான ஸோஹர் இந்த எண்ணிக்கைக்கு ஒரு உவமை சொல்கிறது: தீட்டு கழிந்த பெண் கணவனிடம் திரும்பும் முன் ஏழு நாள் எண்ணுவது போல, எகிப்தின் தீட்டைக் கழிக்க இந்த ஜனம் ஏழு வாரம் எண்ணியது. ஆண்கள் எழுதிய நூலில் இப்படி ஒரு உவமையை நான் எதிர்பார்க்கவில்லை. சட்டம் வழங்கிய நாள் என்று நான் படித்தது, இவர்கள் கணக்கில் கல்யாணம்.

மே 23, செவ்வாய். சஃபெத்

இன்று முழுக்க ஒரே ஒரு கடையில் கழிந்தது. கடை என்று சொல்லக்கூடாது. படிக்கட்டுச் சந்தில், சன்னலோரம் சாய்வுமேசை போட்டு ஒருவர் தோரா எழுதிக்கொண்டிருந்தார். சோஃபேர் என்பார்கள், எழுத்தர். நியூயார்க்கிலிருந்து வந்து இருபது வருஷம் ஆயிற்றாம். வேடிக்கை பார்க்கலாமா என்றேன். "பேசாமல் இருந்தால் பார்க்கலாம்" என்றார். அரைமணியில் அவரே பேச ஆரம்பித்தார்.

பதப்படுத்திய தோல். அதில் மையில்லாமல் கீறிய கோடுகள். எபிரேய எழுத்து நம் பழைய ஓலையில் போலக் கோட்டிலிருந்து தொங்குகிறது. இறகுப் பேனா தோலில் உரசும்போது எலி சுரண்டுகிற மாதிரி சத்தம். இறைவனின் பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, வாய்விட்டு ஏதோ சொல்லிவிட்டு எழுதுகிறார். அந்தப் பெயரை எழுதும்போது அரசனே வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். ஒரு சுருள் முடிய ஒரு வருஷம் ஆகும். மொத்தம் 3,04,805 எழுத்து. ஒன்று விட்டுப்போனாலும் சுருள் செல்லாது. ஒன்றோடொன்று ஒட்டினாலும் செல்லாது.

"ஒட்டினால் என்ன?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி வெள்ளை இருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது கறுப்பை. நான் பயப்படுவது வெள்ளைக்கு."

தோரா வெள்ளை நெருப்பின்மேல் கறுப்பு நெருப்பால் எழுதப்பட்டிருந்தது என்று எருசலேம் தல்மூதில், பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பில், ஒரு வரி இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், தெற்குப் பிரான்சில், குருடர் ஈசாக்கு என்று பெயர் பெற்ற ஞானி அந்த வரியைத் தலைகீழாக்கினார். எழுதப்பட்ட தோரா வெள்ளையில் இருக்கிறது; கறுப்பாக நாம் வாசிப்பதே வாய்மொழி விளக்கம்தான் என்றார். பார்வையில்லாதவர் வெள்ளையைப் பற்றிச் சொன்னதைத் தோலின்மேல் நேரில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருக்கு அடுத்த தலைமுறை ராம்பான் என்கிற நஹ்மானிடஸ், ஸ்பெயினின் ஜெரோனா ஊர்க்காரர். தோரா முழுவதும் இறைவனின் பெயர்கள் என்கிறார். நெருப்பில் இருந்தபோது சொல் பிரியாமல் ஒரே சரமாக இருந்ததாம். கட்டளைகளாக வாசிக்கும்படி பிரித்து மோசேக்குக் கொடுக்கப்பட்டது, பெயர்களாக வாசிக்கும் முறையும் வாய்மொழியாகக் கொடுக்கப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஓலைச்சுவடிதான் கண்முன் வந்தது. புள்ளியும் கிடையாது, இடைவெளியும் கிடையாது, பதம் பிரிப்பது வாசிக்கிறவர் பாடு. 'பலகை' என்று சேர்த்தால் மரம், 'பல கை' என்று பிரித்தால் கூட்டம். சிலேடை நடத்தின வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எழுத்தர் எங்கே எழுதிக்கொண்டிருந்தார் தெரியுமா? லேவியராகமத்தின் தொடக்கத்தில். முதல் சொல்லின் கடைசி எழுத்து அலெஃப், மற்றவற்றைவிடக் குட்டி. கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் எழுத வேண்டுமாம், எல்லாச் சுருளிலும். மோசேயின் தாழ்மைக்கு அடையாளம் என்பார்கள்.

பிறகு ஒரு துண்டுத் தோலில் எனக்காக அலெஃப் போட்டுக் காட்டினார். நடுவில் சாய்ந்த ஒரு வாவ், மேலே ஒரு யோத், கீழே ஒரு யோத். எபிரேய எழுத்துக்கு எண்மதிப்பு உண்டு: ஆறு, பத்து, பத்து. கூட்டினால் 26. இறைவனின் நான்கெழுத்துப் பெயருக்கும் கூட்டுத்தொகை 26. "இதற்கு என்ன சத்தம்?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், தொண்டையில் ஏதோ அசைந்தது, ஒன்றும் வரவில்லை. "இதுதான்."

அகர முதல என்று படித்து வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். அலெஃப் நம் அகரத்தின் தம்பி என்று நினைத்திருந்தேன். பார்த்தால் அது மெய்யெழுத்து. உயிர் ஏறாதவரை ஊமை.

கிளம்பும்போது ஒரு கணக்கு கேட்டேன். சீனாயில் நின்றவர்கள் ஆறு லட்சம், தோராவிலும் ஆறு லட்சம் எழுத்து, ஆளுக்கு ஒன்று என்று கபாலாக்காரர்கள் சொல்கிறார்களே. நீங்கள் எழுதுவதோ மூன்று லட்சத்துச் சொச்சம். மிச்சம் எங்கே? பேனாவைத் துடைத்துக்கொண்டே, எழுத்துக்கு நடுவில் இருந்த வெறும் தோலைக் காட்டினார்.

மே 24, புதன். சஃபெத், பிறகு பேருந்து

காலையில் கல்லறைத் தோட்டம். மலைச்சரிவு முழுக்க நீலம் பூசிய கல்லறைகள். ஆரி என்று இவர்கள் செல்லமாகச் சொல்லும் ஈசாக்கு லூரியா இங்கே இருக்கிறார். 1570இல் ஊருக்கு வந்தார், 1572இல் போய்ச் சேர்ந்தார், வயது முப்பத்தெட்டு. இரண்டே வருஷம் பேசியதைச் சீடர்கள் எழுதி எழுதி, கபாலாவே அவர் பெயரில் ஓடுகிறது. தோராவுக்கு ஆறு லட்சம் முகங்கள், ஒவ்வொரு ஆத்துமாவுக்கும் அதற்கென்று ஒரு வாசிப்பு என்பது அவர் பள்ளியின் பாடம். அவர் முழுகிய குளிர்ந்த ஊற்று கல்லறைக்கு மேலே இருக்கிறது. உள்ளே காலை நனைக்கலாம் என்று போனேன். ஆண்களுக்கு மட்டுமாம். மணப்பெண் பற்றி இவ்வளவு பேசுகிற ஊர்!

கொஞ்சம் தள்ளி யோசேப்பு காரோ. யூத வாழ்க்கைமுறைச் சட்டத்தை ஒரே நூலாகத் தொகுத்த மகா கறாரான சட்டவல்லுநர். இவருக்குள்ளிருந்து ஒரு குரல் பேசும் என்றால் நம்பக் கஷ்டம். 1530களில், உஸ்மானியர் ஆண்ட பால்கன் பக்கத்து ஊர் ஒன்றில், ஷவுவோத் இரவில் காரோவும் நண்பர் சலோமோன் அல்காபெட்ஸும் இன்னும் சிலரும் தூங்காமல் படிக்க உட்கார்ந்தார்கள். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இரண்டு பகுதி முடித்திருப்பார்கள், காரோவின் வாயிலிருந்து அவருடையதல்லாத குரல் வந்தது. தலையிலிருந்து கிரீடம் விழுந்து குப்பையில் கிடந்தவளை இன்றிரவு தூக்கிவிட்டீர்கள் என்றது. எல்லோரும் முகங்குப்புற விழுந்து அழுதார்கள். பத்துப் பேராகக் கூடியிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று குறையும் பட்டுக்கொண்டது. மறுநாள் இரவு பத்துப் பேரைச் சேர்த்தார்கள். தூங்காதீர்கள், இஸ்ரவேல் தேசத்துக்குப் போங்கள் என்றது குரல். இருவரும் சஃபெத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த விவரமெல்லாம் அல்காபெட்ஸ் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

இந்த விழிப்புக்கு விதை ஸோஹரில். கல்யாணத்துக்கு முந்தின இரவில் தோழிகள் மணப்பெண்ணோடு விழித்திருந்து அலங்கரிப்பது போல, அந்த இரவில் படிக்கிற ஒவ்வொரு வசனமும் அவளுக்கு ஒரு நகை. சஃபெத்திலிருந்துதான் இது உலகெங்கும் யூதர்களிடம் பரவியது. இரவு விழிக்கிற இந்தப் பழக்கம் வேர்பிடித்ததும், உஸ்மானிய நாட்டில் காபி பரவியதும் கிட்டத்தட்ட ஒரே காலம் என்று வரலாற்றாசிரியர்கள் முடிச்சுப் போடுகிறார்கள். காபி இல்லாமல் கண் திறக்காத எனக்கு இந்த முடிச்சு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஷவுவோத் காலையில் கல்யாண ஒப்பந்தமே வாசிக்கிற சபைகளும் உண்டு. சஃபெத்தில் வாழ்ந்த கவிஞர் இஸ்ரவேல் நஜாரா எழுதியது. மாப்பிள்ளை கடவுள், பெண் இந்த ஜனம். சாட்சிக் கையெழுத்து வானமும் பூமியும்.

மத்தியானப் பேருந்தில் ராணுவப் பிள்ளைகள் துப்பாக்கியை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டார்கள். நானும்.

மே 27, சனி இரவு. எருசலேம்

வியாழன் பொழுது சாய்ந்ததிலிருந்து இப்போதுவரை பேருந்து இல்லை, கடை இல்லை. வெள்ளி பண்டிகை, சனி ஓய்வுநாள். தங்கிய வீட்டில் போனைப் பொது இடத்தில் எடுக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் இரண்டு நாள் கதையையும் இப்போது சேர்த்து எழுதுகிறேன். படம் கிடையாது.

வியாழன் இரவு நாக்லாஓத் குடியிருப்பின் சந்துகளில் எங்கே பார்த்தாலும் பாடம். சின்ன ஜெபஆலயம் ஒன்றின் முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்தேன். தட்டில் பாலாடைக்கட்டி கேக் வந்தது. இந்தப் பண்டிகைக்குப் பால் பலகாரம்தான். எபிரேயத்தில் பாலுக்கு எண்மதிப்பு நாற்பது, மோசே மலையில் இருந்த நாற்பது நாள் என்று அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இவர்களிடம் கணக்கில்லாமல் எதுவும் இல்லை.

என் பக்கத்தில் பூப்போட்ட தலைத்துணியோடு ஒரு பாட்டி. என் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எவிடெயா?" என்றார். தூக்கிவாரிப்போட்டது. எர்ணாகுளத்துப் பக்கத்து யூதர். 1954இல், ஏழு வயதில், குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். மகள் வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்திருக்கிறார். நான் தமிழில் பேச, அவர் பாதி மறந்த மலையாளத்தில் பேச, வண்டி ஓடியது. இரண்டு மணிவாக்கில் என் தலை சாய்ந்தபோது தொடையில் ஒரு அடி. "உறங்ஙருது, மோளே!" அன்றைக்கு மறுபடி நான் தூங்கவில்லை.

பாடம் எடுத்த பெண், போலந்தின் ரிமனோவ் ஊரில் 1815இல் இறந்த, ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குரு மெண்டல் பெயரில் வழங்கும் கருத்துக்கு வந்தார். சீனாயில் ஜனங்கள் காதில் விழுந்தது எவ்வளவு? பத்துக் கற்பனையும் என்பது ஒரு கட்சி. முதல் இரண்டு மட்டும், மிச்சம் மோசே சொல்லக் கேட்டது என்பது தல்மூது. ரிமனோவ் குருவின் கணக்கு: முதல் கற்பனையின் முதல் சொல்லின் முதல் எழுத்து. 'அனோகி', நானே. அதில் அலெஃப் மட்டும். எழுத்தர் கடையில் நான் கேட்ட, கேட்காத, அந்தச் சத்தம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு முரண்டு. பத்துக் கற்பனைகளையும் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள் நான். தமிழ் பைபிளில் அந்த வசனம் 'உன் தேவனாகிய கர்த்தர் நானே' என்று முடியும். நமக்கு 'நானே' கடைசியில் வருகிறது, இவர்களுக்கு முதலிலேயே வந்து, அதிலும் பாதி மூச்சோடு நின்றுவிட்டது. அப்படியானால் கொலை செய்யாதிருப்பாயாக என்பதை யார் சொன்னது? பாவாடை சட்டை போட்ட ஒரு கல்லூரிப் பெண் இதையே கேட்டாள். அந்த ஊமை எழுத்தைக் காதில் வாங்கியவர்களிடமிருந்து மீதியெல்லாம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்குத் திருப்தி இல்லை என்று முகம் சொன்னது. எனக்கும்தான். ஆனால் எலியாவுக்கு இதே மலையில் காற்றிலும் நெருப்பிலும் அல்லாமல் 'அமர்ந்த மெல்லிய சத்தம்' உண்டானது என்று நாமும்தானே வாசிக்கிறோம்.

இன்னொரு வசனம் என்னை அசைத்தது. உபாகமம் 5:22இல் மகா சத்தத்துடனே சொன்னார் என்றபின் தமிழில் 'ஒன்றும் கூட்டாமல்' என்று வருகிறது. எபிரேயத்தில் அதே சொல்லைப் பழைய அரமேய மொழிபெயர்ப்பு 'ஓயவில்லை' என்று எடுத்துக்கொண்டது. தோரா வாசிக்கும்முன் சொல்லும் ஆசீர்வாதமும் 'தோராவைக் கொடுக்கிறவர்' என்றுதான் முடிகிறது. திபேரியாவில் அடக்கமாகியிருக்கும் ஏசாயா ஹோரோவிட்ஸ் என்ற ஞானி இந்த நிகழ்காலத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வினைமுற்றின் காலத்தை வைத்து இறையியல் செய்கிற ஆட்களைப் பார்த்தால் இலக்கண வாத்திச்சிக்குப் பிடிக்காமல் போகுமா?

நாலு மணிக்குக் கூட்டம் கிளம்பியது. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து, யாப்பா வாசல் வழியாக மேற்கு மதிலுக்கு ஆற்றுவெள்ளம்போல் இறங்கினோம். பாட்டி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தார். பெண்கள் பகுதி குறுகல். நிற்க ஒரு சாண் இடம்.

மதிலின் கற்களுக்கு நடுவே உழவாரன் குருவிகள் கூடு வைத்திருக்கின்றன. வெளுக்கும்போது நூற்றுக்கணக்கில் கீச்சிட்டுக்கொண்டு தலைக்கு மேல் அரிவாள் மாதிரி வளைந்து பறந்தன. தோரா கொடுத்தபோது ஒரு பறவையும் கத்தவில்லை, மாடு கதறவில்லை, கடல் அசையவில்லை என்கிறது ஒரு மிட்ராஷ், ரபிகளின் பழைய வேத விளக்கம். ஐந்தரைக்குக் கொஞ்சம் பிந்தி, சரியாகச் சூரியன் எழும் நொடியில், மௌன ஜெபம். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயடங்கினார்கள். அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. குருவிகள் மட்டும் மிட்ராஷைப் படிக்கவில்லை.

பிறகு தோரா வாசிப்பு. சபை சபையாகப் பிரிந்து, அவரவர் மேசையில், அவரவர் வேகத்தில். பத்துக் கற்பனைகள் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு மேசையில் 'அனோகி' தொடங்கும்போது இன்னொன்றில் இச்சியாதிருப்பாயாக முடிந்துவிட்டது. அதற்குள் தூரத்தில் வேறொரு குரல் 'அனோகி' என்றது. எந்தப்பக்கம் காது கொடுப்பது என்று தெரியவில்லை. சீனாயின் சத்தம் எழுபது மொழியாகப் பிரிந்தது என்கிறது தல்மூது. நாளை ஊரில் பெந்தெகொஸ்தே ஞாயிறு. இதே ஐம்பதாம் நாள்தான், அதே கதைதான், அவரவர் பாஷையில் கேட்டார்களே அந்த அதிகாரத்தை வாசிப்பார்கள். விமானம் அதிகாலை மூன்றுக்கு. ஆராதனைக்கு நான் இருக்க மாட்டேன்.

வெள்ளி காலை கூட்டம் கலையும்போது பாட்டியிடம் விடைபெறப் போனேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆசீர்வாதம் எபிரேயத்தில் சொன்னார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நாட்டில் மழ தொடங்ஙியோ?"

இன்னும் இல்லை பாட்டி, அடுத்த வாரம் வந்துவிடும் என்றேன்.